மேலெழும்பிய லேமினேட் தரை: பழுது பார்க்க நிறுவனம் கைவிரித்தால் என்ன செய்யலாம்?

கேள்வி: சுங்கை சிப்புட்டுக்கு அருகில், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் எழுந்த தாமானில் ஒற்றை மாடி வரிசை வீட்டில் வசிக்கிறோம். சென்ற தீபாவளிக்கு முன் கூடத்துக்கும் இரண்டு அறைகளுக்கும் சேர்த்து 550 சதுர அடிக்கு லேமினேட் தரை போட்டு, 4,950 ரிங்கிட் கட்டினோம். ஐந்து மாதத்திற்குள் கூடத்திலும் இரண்டு அறைகளிலும் பலகைகளின் ஓரங்கள் ஊதிவிட்டன. கூடத்தின் நடுவில் மேடு தட்டி, நடக்கும்போது தரை அமுங்கி எழுகிறது. வயதான என் மாமியார் இரண்டு முறை இடறிவிட்டார். நிறுவனத்தார் வந்து பார்த்துவிட்டு, நாங்கள் ஈரமாக மாப் போட்டதுதான் காரணம் என்றும், 15 ஆண்டு உத்தரவாத அட்டையில் ஈரத்தால் வரும் சேதம் சேராது என்றும் சொல்லிவிட்டார்கள். இனி நாங்கள் எதுவும் செய்ய முடியாதா?

பதில்: செய்ய முடியும், அம்மா. ஆனால் நீங்களும் அவர்களும் இப்போது அந்த உத்தரவாத அட்டையை நடுவில் வைத்துக்கொண்டு வாதாடுகிறீர்கள். அந்த அட்டை அவர்களே எழுதியது. அதற்குள் நின்று பேசினால் அவர்கள் கைதான் ஓங்கும். உங்களுக்கு அதைவிட வலுவான பிடி 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று அதன் 32ஆம் பிரிவு சொல்கிறது. பொருள் நீடித்து உழைப்பதும், பாதுகாப்பாக இருப்பதும், தோற்றத்தில் குறையில்லாமல் இருப்பதும் அந்தத் தரத்தில் அடங்கும். செய்து தரும் வேலையில் நியாயமான கவனமும் திறமையும் இருக்க வேண்டும் என்கிறது 53ஆம் பிரிவு. இந்த உரிமைகளை எந்த அட்டையின் நிபந்தனையாலும் பறிக்க முடியாது என்பதை 6ஆம் பிரிவு தெளிவாக்குகிறது. ஆகவே "அட்டையில் இல்லை" என்பது உங்கள் புகாருக்குப் பதில் ஆகாது.

உண்மையான கேள்வி, ஈரம் எங்கிருந்து வந்தது என்பதுதான். அதற்கு விடை உங்கள் தரையிலேயே இருக்கிறது. லேமினேட் பலகையின் நடுப்பகுதி, மரச்சில்லுகளை நாராக்கிப் பிசினோடு அழுத்திச் செய்த கெட்டிப் பலகை. மேற்பரப்பு தண்ணீரைத் தாங்கினாலும், வெட்டிய ஓரமும் அடிப்பாகமும் ஈரத்தை இழுத்து ஊதிவிடும். மாப் தண்ணீரால் வரும் சேதம் பெரும்பாலும் அடுப்படி வாசல், குளியலறை வாசல், சாப்பாட்டு மேசையைச் சுற்றியுள்ள இடம் என்று அங்கங்கே திட்டாகத் தெரியும். யாரும் மாப் போடாத கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் ஓரங்கள் ஊதியிருந்தால், ஈரம் கீழேயிருந்து வருகிறது என்று பொருள். மேடு தட்டுவதற்கு வேறு காரணமும் உண்டு. லேமினேட் தரை கான்கிரீட்டில் ஒட்டப்படாமல், ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு மிதப்பது போல் கிடப்பது. காற்றின் ஈரத்துக்கேற்ப அது விரியும், சுருங்கும். அதற்காகச் சுவரை ஒட்டி நான்கு பக்கமும் ஏறக்குறைய 8 முதல் 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதை ஸ்கர்ட்டிங் பலகையால் மறைப்பார்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் விரிய இடமின்றி தரை நடுவில் எழும்பிவிடும்.

இவற்றை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சாட்சிக்கு ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு மூலையில் ஸ்கர்ட்டிங்கை மெதுவாகக் கழற்றுங்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் அடிக்கோலை வைத்துப் படம் எடுங்கள். பலகை சுவரில் முட்டிக்கொண்டு நின்றால், அந்த ஒரு படமே பாதி வழக்கு. பிறகு அந்த ஓரத்தில் ஒரு பலகையைத் தூக்கி, கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கான்கிரீட்டின் மேல் ஈரம் தடுக்கும் பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன் மேல்தான் ஃபோம் விரிப்பு வர வேண்டும். அல்லது தாளும் ஃபோமும் ஒன்றாகச் சேர்ந்த விரிப்பாக இருக்க வேண்டும். வெறும் வெள்ளை ஃபோம் மட்டும் கிடந்து, பலகையின் அடிப்பக்கம் கறுத்துப் பூஞ்சை வாசம் அடித்தால் நன்றாகத் தெரியும்படி படமெடுங்கள். திறந்த கான்கிரீட்டில், ஏறக்குறைய ஒன்றரை அடிச் சதுரத்தில் தெளிவான பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி, மறுநாள் வரை விடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளிகள் கோத்திருந்தாலோ, கான்கிரீட் கறுத்திருந்தாலோ, கான்கிரீட் வழியாக ஈரம் மேலே ஏறுகிறது. ஒட்டும்போது ஒரு படம், பிரிக்கும்போது ஒரு படம், இரண்டிலும் தேதி தெரிய வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: ஊதிய இடங்கள் அடுப்படி வாசலிலும் குளியலறை வாசலிலும் மட்டும் இருந்து, மற்ற இடமெல்லாம் சமமாக இருந்தால், உங்கள் வாதம் மெலிந்துவிடும். ஆனால் இரண்டு அறையும் கூடமும் சேர்ந்து ஊதியதாக நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், குறை நிறுவனத்தின் பக்கம் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து.

அடுத்து அவர்கள், "ஈரம் உங்கள் வீட்டுக் கான்கிரீட்டில் இருந்தது, அதற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்பார்கள். தரை போடும் தொழிலைச் செய்பவர், பலகையை விரிக்கும் முன் கான்கிரீட்டின் ஈரத்தைச் சோதித்து, அதிகமாக இருந்தால் வேலையைத் தொடங்காமல் எழுத்தில் எச்சரிப்பதே 53ஆம் பிரிவு கேட்கும் கவனம். சோதனை செய்த அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். "காற்றின் ஈரப்பதம் அட்டையில் சொன்ன அளவைத் தாண்டிவிட்டது" என்பதும் அடிக்கடி கேட்கும் பதில்தான். நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்பது வழக்கம். பேராக்கில் விற்கும் நிறுவனம் அதை அறியாமல் விற்றிருக்க முடியாது. இந்த ஊர்க் காற்றைத் தாங்காத தரையை இந்த ஊர் வீட்டுக்கு விற்றால், அது வழக்கமான பயனுக்குத் தகுதியான பொருள் ஆகாது. "போட்டவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, வெளி ஒப்பந்தக்காரர்கள்" என்றால், பணத்தை வாங்கிய நிறுவனமே உங்களுக்குப் பொறுப்பு; அவர்களுக்குள் உள்ள ஏற்பாட்டை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

ஆதாரம் கையில் வந்த பிறகு, புலனத்தில் வாதாடுவதை நிறுத்திவிட்டு, மலாய் மொழியில் ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எப்போது போட்டார்கள், எவ்வளவு கட்டினீர்கள், எங்கெங்கே என்ன குறை, எந்தப் பிரிவுகளின் கீழ் கேட்கிறீர்கள் என்று சொல்லி, 14 நாளுக்குள் தங்கள் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்றும், தவறினால் வேறொருவரை வைத்துச் சரிசெய்து அந்தச் செலவைக் கோருவீர்கள் அல்லது தரையை நிராகரித்துப் பணத்தைத் திருப்பிக் கேட்பீர்கள் என்றும் முடியுங்கள். இந்த வழிகளைச் சட்டமே தருகிறது. ஆனால் சரிசெய்ய நியாயமான அவகாசத்தை முதலில் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும். அவர்கள் மீண்டும் ஆய்வுக்கு வந்தால் தடுக்காதீர்கள். "நல்லெண்ண அடிப்படையில் ஐந்து பலகை மாற்றுகிறோம், இனிக் கோரிக்கை இல்லை" என்ற தாளில் மட்டும் கையெழுத்திடாதீர்கள். மாமியார் நடக்கும் இடத்தில் உடனே பலகையை எடுத்தாக வேண்டுமானால், முழுவதும் படமெடுத்துவிட்டு, ஊதிய பலகைகளில் இரண்டு மூன்றையும் மீந்த பெட்டியின் லேபிளையும் பத்திரமாக வையுங்கள்.

பதில் வராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட். கோருவதற்கான காரணம் எழுந்ததிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் வைக்க முடியாது என்பது உங்களுக்கு நல்லதே, ஏனெனில் நிறுவனமும் தன் ஊழியரைத்தான் அனுப்ப வேண்டும். முதல் படிவத்தை நிரப்பும்போது ரசீதில் உள்ள கடைப் பெயரை அப்படியே எழுதிவிடாமல், மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் (SSM) பதிவான பெயரையும் எண்ணையும் தேடி எழுதுங்கள். பெயர் தவறினால் கிடைக்கும் தீர்ப்பை நிறைவேற்றுவது சிக்கலாகும். மனுவின் நகலை நிறுவனத்திடம் நேரிலோ பதிவுத் தபாலிலோ சேர்ப்பது உங்கள் பொறுப்பு. அதன்பின் 14 நாளுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும்.

ஒருவேளை இந்தத் தரை, வீட்டைக் கட்டி விற்ற மேம்பாட்டாளரே போட்டுக் கொடுத்ததாக இருந்தால் வழி வேறு: சாவி வாங்கிய 24 மாதங்களுக்குள் அவரிடம் புகார் செய்து, வீடு வாங்குவோருக்கான நடுவர் மன்றத்தை நாட வேண்டும். நீங்களே கடைக்குப் போய் வாங்கியதால் அது உங்களுக்குப் பொருந்தாது.

விசாரணைக்கு முன்போ விசாரணை நாளிலோ நிறுவனம் சமரசத்துக்கு வந்து புதிய பலகை போட்டுத் தருவதாகச் சொன்னால், பலகை எந்த ரகம் என்பதை மட்டும் எழுதி வாங்கினால் போதாது. கான்கிரீட்டின் ஈரத்தைச் சோதித்த பிறகே வேலை தொடங்கும், பிளாஸ்டிக் தாள் விரிக்கப்படும், நான்கு சுவரிலும் இடைவெளி விடப்படும், ஸ்கர்ட்டிங் மூடும் முன் நீங்கள் பார்த்துப் படமெடுப்பீர்கள் என்பவையும் அந்த உடன்பாட்டுத் தாளில் வரி வரியாக இருக்க வேண்டும்.