ஜீத் குன் டோ: இரண்டே வருடத்தில் பிளாக் பெல்ட்டா?

கேள்வி: வயது 34. லாஸ் ஏஞ்சலஸில் வேலை. ஜீத் குன் டோ கற்க ஒரு இடத்தில் விசாரித்தேன். ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடியாம். கையுறை, கால்காப்பு எல்லாம் சேர்ந்த செட்டை அங்கேயே வாங்க வேண்டுமாம். இரண்டு வருடத்தில் பிளாக் பெல்ட் உறுதி என்கிறார்கள். சேரலாமா?

பதில்: அந்த 'உறுதி'தான் இடிக்கிறது. ஹாங்காங்கில் இப் மான் என்ற ஆசானிடம் விங் சுன் என்ற குங்ஃபூ வகையைப் பயின்ற புரூஸ் லீ, அமெரிக்காவில் அதோடு குத்துச்சண்டையையும் வாள்சண்டையின் உத்திகளையும் கலந்து, 1967-இல் ஜீத் குன் டோ என்று பெயர் வைத்த தற்காப்புக் கலை இது. கராத்தே மாதிரி பெல்ட் வரிசை இதன் வழக்கம் அல்ல. இன்று சில கூடங்கள் பெல்ட் தருகின்றன, அது அவர்களின் சொந்த ஏற்பாடு.

மாஸ்டர் யாரிடம் கற்றார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இதைக் கற்பிக்க லீயே நேரடியாக அனுமதித்தது டாக்கி கிமுரா, ஜேம்ஸ் லீ, டான் இனோசான்டோ மூவரைத்தான். உங்கள் ஊர் சைனாடவுனில்தான் லீயின் பள்ளியும் இருந்தது. லீ கற்பித்ததை அப்படியே காப்பவர்கள் ஒரு பக்கம், பிலிப்பைன்ஸ் கம்புச்சண்டை, தாய் பாக்சிங் எல்லாம் சேர்ப்பவர்கள் இன்னொரு பக்கம். எது என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

அப்புறம் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். வலது கைக்காரர்கள் வலது காலை முன்வைத்து, பலமான கையை முன்னால் நீட்டி நிற்பார்கள். அது இக்கலையின் அடையாளம். அடிப்பவர் வித்தை காட்ட, எதிரில் நிற்பவர் கடைசிவரை சிலையாகவே நின்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

செட் வேண்டாம். நானும் ஒருமுறை முதல் நாளே செட் வாங்கியவன்தான். கால்காப்பு இன்னும் பரணில் இருக்கிறது. இப்போதைக்கு 180 அங்குல கைச்சுற்றுத் துணி ஒரு ஜோடி, கையுறை, பல்காப்பு போதும். எதிரில் நிற்பவர் பிடிக்கும் பேடில் குத்திப் பழக 12 அவுன்ஸ் கையுறை சரி. ஸ்பாரிங், அதாவது இருவர் மோதிப் பழகுவது, தொடங்கும்போது 16 வாங்கலாம். வெறுங்கையில் போட்டுப் பார்த்து வாங்காதீர்கள். துணியை மணிக்கட்டிலும் விரல் முட்டியிலும் சுற்றிக்கொண்டு போட்டு, விரல்களை மடக்குங்கள். விரல் நுனி மரத்தால் அந்தக் கையுறை சின்னது.

கட்டணத்தை மாதாமாதம் கட்டுங்கள். நிறுத்துவதென்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். தர மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.