கூழாங்கல் சத்தம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். டிப்ளமோ முடித்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் பகுதியில் சூடான நீரை ஏற்றும் பம்ப் ஒன்று, உள்ளே கூழாங்கல் உருள்வதுபோல அவ்வப்போது சத்தம் போடும். ‘கேவிடேஷன்’ என்கிறார்கள். உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரை மாற்றுகிறோம். சில மாதங்களில் சத்தம் திரும்பி வந்துவிடுகிறது. அது ஏன் நடக்கிறது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்கும்தான்.

அந்த எரிச்சலில், நீரும் காற்றும் ஓடும் விதத்தைச் சொல்லும் பாய்ம இயக்கவியலையும் வெப்ப இயக்கவியலையும் முறையாகப் படித்துவிடலாம் என்று இணையத்தில் தேட ஆரம்பித்தேன். மூன்று மாதத்தில் எக்ஸெல் தாளில் 214 இணைப்புகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்றையும் படித்து முடிக்கவில்லை. இலவசம் என்று போட்டிருக்கும், உள்ளே போனால் கார்டு எண் கேட்கும். உண்மையிலேயே இலவசமாக, நம்பிப் படிக்கும்படி எவை இருக்கின்றன? 1960களில் எடுத்த படங்கள்கூடக் கண்ணில் படுகின்றன. அவை காலாவதியானவைதானே? சான்றிதழ் வாங்க வேண்டுமா?

ச.

அன்புள்ள ச.,

முதலில் அந்த எக்ஸெல் தாளை மூடிவிடுங்கள். அழிக்க வேண்டாம், மனம் கேட்காது. மூடினால் போதும்.

பழைய படங்கள் பற்றிக் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். கணினித் துறையில் ஐந்து வருடப் பழைய பாடத்தைச் சந்தேகப்படலாம். பாய்ம இயக்கவியலில் அப்படியில்லை. ஓடும் நீரின் வேகத்தையும் அழுத்தத்தையும் இணைக்கும் பெர்னூலி சமன்பாட்டுக்கு அடிப்படையான நூலை அவர் வெளியிட்டது 1738இல். அந்தச் சமன்பாட்டை இன்று யார் சொல்லிக்கொடுத்தாலும் அதேதான். ஆனால் தேடுபொறியும் யூடியூபும் புதியதையும் பளபளப்பானதையும் முன்னால் தள்ளுகின்றன. நம் துறையின் நல்ல சரக்கு பெரும்பாலும் ஏதோ ஒரு பேராசிரியரின் அழகில்லாத பக்கத்தில், சின்ன எழுத்தில் கிடக்கும். அறுபதுகளின் படங்கள் என்று நீங்கள் தயங்குபவை, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் ஆஷர் ஷபிரோ முன்னின்று எடுத்த பாய்ம இயக்கவியல் படங்களாக இருந்தால், உங்கள் தாளில் இருக்கும் மிகச் சிறந்த பொருள் அதுதான். இன்று அவற்றை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், கூடவே விளக்கக் குறிப்புகளும் உண்டு.

அதில் ஒரு படத்தில் எண்பது வயதை ஒட்டிய பிரிட்டிஷ் இயற்பியலர் ஜி. ஐ. டெய்லர் வருகிறார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள், நடுவில் கிளிசரின், அதில் ஒரு பொட்டு சாயம். உள் உருளையை மெல்லச் சுற்றுகிறார், சாயம் இழுபட்டுக் கரைந்தேபோய்விட்டது போலத் தெரிகிறது. அதே அளவு திருப்பிச் சுற்றுகிறார். சாயம் மறுபடி பொட்டாகிறது! பிசுக்குமை, அதாவது பாய்மத்தின் உள் உராய்வு, ஓங்கிய மெதுவான ஓட்டம் என்றால் என்னவென்று எனக்கு அந்தச் சில நிமிடங்களில்தான் உறைத்தது. இந்த வரிசையில் கேவிடேஷனுக்கென்றே தனிப் படம் ஒன்று இருக்கிறது. இன்றிரவே பாருங்கள்.

அடுத்து, கார்டு எண் கேட்கும் தளங்கள். அவற்றில் பலவற்றைக் கவனித்தால் ஒன்று தெரியும். விரிவுரையைச் சும்மா காட்டுவார்கள், திருத்தித் தரும் பயிற்சிக் கணக்குகளைப் பூட்டி வைப்பார்கள். எது சரக்கு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் இதை அடிபட்டுக் கற்றேன். ஒருமுறை வெப்ப இயக்கவியலை ஆறு வாரம் காணொளியாகவே பார்த்தேன். என்ட்ரோபி வரை தலையாட்டிக்கொண்டே போனேன். பிறகு ஒரு பழைய வினாத்தாளின் முதல் கணக்கில், எந்தச் சமன்பாட்டை எடுப்பது என்றே தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து எந்தத் தளத்துக்குப் போனாலும் கணக்குத் தாள் இருக்கிறதா, அதற்கு விடை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். விரிவுரை அப்புறம்.

இந்த உரைகல்லில் தேய்த்தால் உங்கள் 214 வேகமாகச் சுருங்கிவிடும். எம்.ஐ.டி. தன் பாடங்களை இலவசமாகத் தருவதாக 2001இல் அறிவித்தது. ஓப்பன்கோர்ஸ்வேர் என்ற அந்தத் தளத்தில் பதிவுகூடச் செய்ய வேண்டாம். ஆனால் சில பாடங்களில் பாடத்திட்டமும் படிக்க வேண்டிய நூல்களின் பெயரும் மட்டுமே இருக்கும், சிலவற்றில் கணக்கும் தீர்வும் முழுதாக இருக்கும். இரண்டாம் வகையை மட்டும் எடுங்கள். உயர்நிலைப் பாய்ம இயக்கவியல் என்று ஒரு பாடம் கண்ணைப் பறிக்கும். அது முதுநிலை மாணவர்களுக்கானது, இப்போது வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி, பம்பிலிருந்து பின்னோக்கிப் போவது. சத்தம் ஏன்? இம்பெல்லரின் நுழைவாயிலில் அழுத்தம் குறைகிறது. அந்த வெப்பநிலையில் நீர் கொதிக்கத் தொடங்கும் அழுத்தத்தை ஆவியழுத்தம் என்பார்கள்; அதற்குக் கீழே போனால் நீர் அங்கேயே கொதித்துக் குமிழியாகிறது. குமிழிகள் அழுத்தம் கூடிய இடத்துக்கு நகர்ந்ததும் நொறுங்குகின்றன, உலோகத்தைக் கொத்துகின்றன. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அழுத்தம் ஏன் குறைகிறது? அதற்கு ஓப்பன்ஸ்டாக்ஸ் தரும் பல்கலைக்கழக இயற்பியல் நூலின் முதல் தொகுதி, 14ஆம் அத்தியாயம். ரைஸ் பல்கலைக்கழகத்தின் வெளியீடு, முழு நூலையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், ஒற்றைப்படை எண் கணக்குகளுக்கு விடை பின்னால் இருக்கிறது. நீர் ஏன் நூறு டிகிரிக்கு முன்பே கொதிக்கிறது? அதற்கு ஃபெட் தளத்தில் பருப்பொருளின் நிலைகள் பற்றிய உருவகப்படுத்தலைத் திறந்து, அணுக்களைச் சூடாக்கி விளையாடுங்கள். இயற்பியலுக்கு நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது அது. குழந்தைகளுக்கானது போலத் தோன்றும், ஏமாறாதீர்கள்.

எண்களுக்கு, அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்டின் வேதியியல் வெப்புக். நீராவி அட்டவணை தேடி அலைய வேண்டாம். நீரின் ஆவியழுத்தம் 20 டிகிரியில் 2.3 கிலோபாஸ்கல், 80 டிகிரியில் 47. அதாவது சூடான நீர், வளிமண்டல அழுத்தத்தில் பாதிக்குச் சற்றுக் கீழே இறங்கினாலே கொதித்துவிடும். குளிர்ந்த நீரை ஏற்றும் பம்ப் அமைதியாக ஓட, உங்களுடையது மட்டும் ஏன் கத்துகிறது என்பதற்கு இதுவே முக்கியக் காரணமாக இருக்கலாம்.

கால்குலஸ் மறந்திருந்தால் லமார் பல்கலைக்கழகத்தின் பால் டாக்கின்ஸ் எழுதிய கணிதக் குறிப்புகள். பயிற்சிக் கணக்குகளுக்குப் படிப்படியான தீர்வு உண்டு. ஃபைன்மனின் இயற்பியல் விரிவுரைகளையும் கால்டெக் இலவசமாகப் படிக்கத் தந்திருக்கிறது. அதை இரண்டாம் வாசிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டுக் களைத்தவருக்குத்தான் அந்த நடை முழுதாக ருசிக்கும்.

சான்றிதழ் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பதவி உயர்வுக்குத் தேவையென்றால், ஐ.ஐ.டி.களின் இணையப் பாடத் தளமான என்பிடெலில் படிப்பது இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை சத்தம் வரும்போது சக்‌ஷன் பக்கக் கேஜ், அதாவது பம்புக்குள் நீர் நுழையும் பக்கத்து அழுத்தமானி, காட்டும் அழுத்தத்தையும் நீரின் வெப்பநிலையையும் குறித்து, கணக்குப் போட்டு எனக்கு எழுதுங்கள். ஒன்று மட்டும்: கேஜ் காட்டுவது வளிமண்டலத்துக்கு மேலோ கீழோ எவ்வளவு என்பதைத்தான். ஆவியழுத்தத்தோடு ஒப்பிடும் முன் அதோடு சுமார் 101 கிலோபாஸ்கலைக் கூட்ட வேண்டும். கேஜ் சுழிக்குக் கீழே காட்டினால் அதைக் கழிக்குறியோடு எடுத்துக்கொள்ளுங்கள். என் முதல் கணக்கு தப்பாய்ப் போனது இங்கேதான்.