ஷில்லரோடு போனவன் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மன் கவிஞர் ஷில்லர் ராணுவ மருத்துவர் வேலையை உதறிவிட்டு ஓடிப்போய் நாடக ஆசிரியரானார் என்று படித்தேன். நானும் மருத்துவன். வேலை என்னை எழுத விடுவதில்லை. யாரிடமும் சொல்லாமல் தனியாகக் கிளம்பிவிடலாமா என்றிருக்கிறது. அவர் மேஜை டிராயரில் அழுகிய ஆப்பிள் வைத்திருந்தாராமே, நிஜமா? ஷில்லர், அவர் காலத்து இன்னொரு ஜெர்மன் கவிஞரான கோத்தே, இருவரில் யார் பெரியவர்?

க.

அன்புள்ள க.,

ஆப்பிள் கதை கோத்தே சொன்னது. நிஜமாகவே இருக்கட்டும், உங்களுக்கு அதனால் என்ன? யார் பெரியவர் என்பதையும் விடுங்கள். 1794 முதல் ஷில்லர் சாகும்வரை அவர்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள்.

‘தனியாக’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னைச் சுட்டது. ஷில்லர் தனியாகப் போனார் என்று யார் சொன்னது?

தன் ‘கொள்ளையர்கள்’ நாடகத்துக்காக அனுமதியில்லாமல் மான்ஹைம் நகரத்துக்குப் போய்வந்தார் என்று, அவர் வேலை பார்த்த வுர்ட்டம்பெர்க் நாட்டை ஆண்ட பிரபு அவரை 14 நாள் சிறைவைத்தார். இனி நாடகம் எழுதக் கூடாது என்றும் உத்தரவு. 1782 செப்டம்பர் 22 இரவு ஸ்டுட்கார்ட்டிலிருந்து தப்பியபோது வண்டியில் இன்னொருவனும் இருந்தான். ஆந்திரயாஸ் ஸ்ட்ரைஷர், 20 வயது. ஹாம்பர்க் போய் இசைமேதை பாஹின் மகனிடம் இசை படிக்க இருந்தவன். அந்தப் பணத்தைத்தான் இந்தப் பயணத்தில் செலவழித்தான்.

அன்று காலை அவன் வந்து பார்த்தால் மூட்டை கட்டியே ஆகவில்லை. அந்நாளைய பெரிய கவிஞர் க்ளோப்ஷ்டாக்கின் கவிதை ஒன்று கண்ணில் பட்டு, ஷில்லர் அதற்கு எதிர்க்கவிதை எழுதிக்கொண்டிருந்தார். அதை உட்கார்ந்து கேட்கவும் வைத்தார். அவனும் கேட்டான். பிறகு ஃபிராங்பர்ட்டுக்கு நடந்தே போகிறார்கள். வழியில் ஒரு காட்டில் ஷில்லரால் அடி எடுத்துவைக்க முடியவில்லை, படுத்துத் தூங்கிவிட்டார். இவன் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காத்தான். ஓகர்ஸ்ஹைம் என்ற ஊரில் ஒரு விடுதியில் பெயரை மாற்றிக்கொண்டு ஒளிந்திருந்த நாட்களில், அந்தி சாய்ந்ததும் ஸ்ட்ரைஷர் பியானோ வாசிப்பான், ஷில்லர் விளக்கில்லாத அறையில் மணிக்கணக்காகக் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். ‘சூழ்ச்சியும் காதலும்’ நாடகம் அப்படி உருவானது.

எனக்கும் ஒருவன் இருந்தான். அச்சகத்தில் கம்போசிட்டர். நான் வேலையில்லாமல் எழுதிக்கொண்டிருந்த ஏழு மாதமும் மெஸ்ஸில் என் கணக்கையும் சேர்த்துக் கட்டியவன். முதல் புத்தகத்தின் நன்றிப் பக்கத்தில் பெரிய மனிதர்கள் பத்துப் பேரைப் போட்டேன், அவனைப் போடவில்லை. இரண்டாம் பதிப்பில் போட்டேன். அதைப் பார்க்க அவன் இல்லை. சொல்லாமல் கிளம்பிவிடலாமா என்று உங்களைப் போன்றவர்கள் கேட்கும்போது கோபம் வருகிறதென்றால் அதற்குக் காரணம் இதுதான்.

ஸ்ட்ரைஷர் பிறகு பியானோ செய்யும் குடும்பத்தில் மணம் முடித்து, வியன்னாவில் அந்தத் தொழிலிலேயே நின்றார். 1785இல் பிரிந்த நண்பர்கள் மறுபடி சந்திக்கவேயில்லை. ஸ்ட்ரைஷர் வயதான காலத்தில் அந்தப் பயணத்தை எழுதிவைத்தார், அவர் இறந்தபின் 1836இல் அச்சானது. ஷில்லரின் ‘ஆனந்தப் பாட்டை’ பீத்தோவன் தன் ஒன்பதாம் சிம்பொனியில் சேர்த்து 1824இல் மேடையேற்றியது அதே வியன்னாவில்தான். நண்பனுக்கு நண்பனாக இருக்கும் பேறு பெற்றவன் எங்கள் களிப்பில் வந்து கலந்துகொள்ளட்டும் என்று அதில் ஓர் இடம் வருகிறது. அப்போது ஸ்ட்ரைஷருக்கு 62 வயது, பீத்தோவனுக்கு நெருங்கிய நண்பர்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வீட்டு மனிதர்கள், சிநேகிதர், கூட வேலை பார்ப்பவர் என்று அதில் ஒருவர்கூட இல்லை. அவர்களில் யாரிடமாவது உட்கார்ந்து பேசிவிட்டு எழுதுங்கள். வேலையை விடுவது பற்றி அப்புறம் பார்க்கலாம்.