டிபி மாத்திரையா, கருத்தடை மாத்திரையா? செல்லூர் மருந்துக்கடை அக்காவிடம் கேட்டவை

மேலூரிலிருந்து: பல் பிடுங்கினதுக்கு அமாக்சிசிலின்னு ஆன்டிபயாடிக் குடுத்திருக்காங்க. நான் போடுற கருத்தடை மாத்திரை மாலா-டி பலிக்காதுன்னு நாத்தனார் சொல்றாங்க, நிறுத்திடவா அக்கா?

நிறுத்தாதீங்க. அமாக்சிசிலின், அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் எதுவும் கருத்தடை மாத்திரையோட பலத்தைக் குறைக்காது. இந்தப் பயத்துல பாதி அட்டையோட நிறுத்திட்டு, அடுத்த மாசம் கர்ப்பம் பார்க்குற கிட் கேட்டு வர்றவங்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு பதறும்.

திருமங்கலத்திலிருந்து: அந்த மருந்து வயித்தைக் கலக்கி வாந்தி வந்துச்சுன்னா?

கருத்தடை மாத்திரை போட்டு ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள வாந்தின்னா, இன்னொண்ணு போட்டுக்குங்க. பேதி ஒரு நாளைக்கு மேல கடுமையா நீடிச்சா, மாத்திரை விட்டுப்போன கணக்குதான். வயிறு சரியானதும் தொடர்ந்து 7 நாள் மாத்திரை போடுற வரைக்கும் ஆணுறையும் வேணும்.

உசிலம்பட்டியிலிருந்து: டிபி மருந்து ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு. மாலா-என் கருத்தடை மாத்திரையை ஒரு நாள்கூட விடல. போதும்தானே?

போதாது தாயி. இதைக் கொஞ்சம் கவனமா கேளுங்க. சிறுநீர் செம்மஞ்சளாப் போகுதில்ல? அது டிபி மருந்துல இருக்குற ரிஃபாம்பிசின். அந்த மருந்து கல்லீரலை முடுக்கிவிட்டுடும். மாலா-என்ல இருக்குற ஹார்மோனை கல்லீரல் சீக்கிரமே கரைச்சுடும். நேரம் தவறாமப் போட்டாலும் பலன் குறையும். கையில வைக்கிற கருத்தடை இம்பிளாண்ட்டுக்கும் இதே கதிதான்.

அதுக்காக டிபி மருந்தை ஒரு வேளைகூட விட்டுடாதீங்க. மாத்த வேண்டியது கருத்தடையைத்தான். கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற காப்பர்-டி செம்புல வேலை செய்யுது, ரிஃபாம்பிசின் அதை ஒண்ணும் பண்ணாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடுற அந்தரா கருத்தடை ஊசிக்கும் பலம் குறையாது. ரெண்டுமே அரசு ஆஸ்பத்திரியில இலவசம். அதுவரைக்கும் ஆணுறை. இந்த மூணு வாரத்துல சேர்ந்திருந்தீங்கன்னா, காப்பர்-டி போடுறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க. தீட்டு தள்ளிப்போனா உடனே டெஸ்ட் எடுத்துப் பாருங்க.

ஆனையூரிலிருந்து: ஆறு மாச டிபி கோர்ஸ் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு. திரும்ப மாலா-டியை நம்பலாமா?

இன்னும் ரெண்டு வாரம் பொறுங்க. ரிஃபாம்பிசினை நிறுத்தின பிறகும் 28 நாள் வரைக்கும் கல்லீரலோட அந்த முடுக்கம் அடங்காது.

ஒத்தக்கடையிலிருந்து: வலிப்புக்கு கார்பமசெபின் போடுறேன்.

அதுவும், ஃபெனிட்டாயினும் ரிஃபாம்பிசின் மாதிரியேதான். மேல சொன்ன யோசனையே உங்களுக்கும்.

பேர் சொல்லாதவர்: தோப்பூர் ஆஸ்பத்திரிக்கு மாமியாரோடதான் போறேன். அங்க டாக்டர்கிட்ட இதை எப்படிக் கேக்குறது?

வாயைத் திறக்கவே வேண்டாம்மா. மாலா அட்டையை டிபி சீட்டுக்குள்ள மடிச்சு வச்சு நர்ஸ் கையில குடுங்க. அவங்க புரிஞ்சுக்குவாங்க.