எம்.என்.சி. ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன்

மெக்கானிக்கல் இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகனுக்கு ஒரு பன்னாட்டு மென்பொருள் நிறுவனத்தில் கேம்பஸ் வேலை கிடைத்திருக்கிறது, பையன் தயங்குகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே மாதிரி கம்பெனியில் சேர்ந்த உங்கள் அண்ணன் மகள் எட்டே மாதத்தில் பேப்பர் போட்டுவிட்டாள், இவனும் அப்படி வந்துவிட்டால் என்ற பயம் உங்களுக்கு.

கவலைப்படாதீர்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பொறுமை இல்லை என்று சொந்தக்காரர்கள் பேசுவதை என்னால் ஏற்க முடியாது. பல நிறுவனங்களில் வேலையை மதிப்பிடும் அப்ரைசல் இன்னும் பெல் கர்வ் கணக்குதான், அதாவது மேல் தட்டில் இத்தனை பேர், கடைசித் தட்டில் இத்தனை பேர் என்று முன்கூட்டியே பங்கு போடுவது. பத்துப் பேரும் ஒழுங்காக உழைத்தாலும் ஒருவர் கடைசித் தட்டுக்குப் போயே ஆகவேண்டும். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் (ஜி.இ.) நிறுவனத்தில், ஜாக் வெல்ச் தலைவராக இருந்த காலத்தில் கடைசி 10 சதவீதத்தினரை வெளியேற்றுவதே கொள்கை. மைக்ரோசாஃப்ட் இந்த வரிசைப்படுத்தலை 2013-இல் கைவிட்டது, எல்லோரும் விடவில்லை. லீவு தருபவர் வேறு நாட்டில், மீட்டிங் ராத்திரி பத்து மணிக்கு, ரேட்டிங் கடைசியில் என்றால் யாருக்கும் நௌக்ரி மாதிரி வேலை தேடும் தளத்தில் ரெஸ்யூமே ஏற்றத்தான் கை போகும்.

எம்.பி.ஏ. படிக்க வைக்கலாம் என்று உங்கள் மச்சான் சொல்வது இப்போது வேண்டாம். பையனுக்கு மெஷின்தான் பிடிக்கும் என்கிறீர்களே, மத்திய அரசின் நேட்ஸ் (NATS) திட்டத்தில் அப்ரென்டிஸ், அதாவது தொழில் பழகுநர், பயிற்சியைப் பாருங்கள். பட்டம் முடித்ததும் போர்ட்டலில் பதியலாம். தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஒரு வருடம், மாதாமாதம் உதவித்தொகை, முடிவில் சான்றிதழ். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரென்டிஸ் எடுக்க வேண்டும் என்பது சட்டம். பன்னாட்டு ஆலைகளுக்கும் அதுதான். பயிற்சி முடிந்ததும் வேலை தர அவர்களுக்கும் கட்டாயமில்லை, பொதுவாகச் சேர இவனுக்கும் கட்டாயமில்லை. அதற்குள் நிர்வாகம் எப்படி என்று ஷாப் ஃப்ளோரிலேயே தெரிந்துவிடும். லைன் நின்றால் சூப்பர்வைசர் "யார் பண்ணது?" என்கிறாரா, "ஏன் நின்றது?" என்கிறாரா? டொயோட்டா பாணி ஆலையில் கோளாறு கண்டால் லைனில் நிற்பவரே கயிற்றை இழுத்து நிறுத்தலாம். அப்படிப்பட்ட இடத்தில் பழகியவனுக்கு அடுத்த இன்டர்வியூவில் என்ன கேட்பது என்று தெரியும். ஒன்று, வேறு வேலையில் ஒரு வருடம் ஓட்டிவிட்டால் இந்தத் திட்டத்தில் சேர முடியாது.

உதவித்தொகை ஐ.டி. சம்பளத்துக்கு ஈடாகாது, ரூம் வாடகைக்கு நீங்கள் கைகொடுக்க வேண்டிவரும். இல்லை, ஐ.டி.தான் என்று அவனே சொன்னால் சரி. இடையில் விலகக் கூடாது என்ற பாண்ட் எத்தனை வருடம், விலகும் முன் தரவேண்டிய நோட்டீஸ் 60 நாளா 90 நாளா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. அப்புறம், அவன் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்களே, அதை இந்த வாரமே நிறுத்துங்கள். தவணை ஓட ஆரம்பித்தால் அவன் விட நினைத்தாலும் விட முடியாது.