வாசகர் கேள்வி – பதில்: கடலோரத்தில் ஒரு கேரவன் நாள்

கேள்வி: கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்றுதான் எங்களுக்குத் தெரியும். நீங்கள் இங்கிலாந்தில் அதில் விடுமுறைக்குப் போனதாகவும், ஒரு நாள் முழுக்கக் கடற்கரையைவிட்டு நகரவே இல்லை என்றும் போன இதழில் எழுதியிருந்தீர்கள். அவ்வளவு தூரம் போய் ஊர் சுற்றாமல் இருப்பது வீண் அல்லவா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: வீண் இல்லை, சகோதரி. நாங்கள் கிளம்பியதே அந்த ஒரு நாளுக்காகத்தான்.

எங்கள் கேரவனுக்கு எஞ்சின் கிடையாது. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு அது. நியூகாசிலில் இருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால், நார்தம்பர்லாந்து கடற்கரையில் பீட்னெல் என்ற சிற்றூர். ஜூன் மாதம். முதல் நாள் மாலையே வண்டியைக் கழற்றி, நான்கு மூலைக் கால்களையும் இறக்கி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, வாசலில் துணிப்பந்தல் கட்டிவிட்டோம்.

காலை நான்கரைக்கெல்லாம் வெளிச்சம். எழுந்து பார்த்தால் என் மாமியார் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார். நாகப்பட்டினத்துக்காரர். “இங்கேயும் கடலுக்குள் இருந்துதான் சூரியன் வருகிறது” என்றார். அவருக்கு அது பெரிய ஆறுதல். நாகையைப் போலவே இதுவும் கிழக்குக் கரை.

தண்ணீர் 40 லிட்டர் பிடிக்கும் ஓர் உருளை பீப்பாயில் வரும். பொதுக்குழாயில் நிரப்பி, கைப்பிடியைப் பிடித்துப் புல்லின் மேல் உருட்டி வர வேண்டும். அந்த வேலையை மாமியார் என்னிடம் இருந்து வாங்கிக்கொண்டார். “ஊரில் இடுப்பில் சுமந்தேன். இது தானாக உருளுகிறது, எனக்கென்ன?” வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே இருப்பவள் நான். அங்கே ஒரு குவளை நீரில் பல் துலக்கினேன். இரண்டே அடுப்பு என்பதால், இட்லி வெந்து இறங்கிய பிறகுதான் காபி. யாரும் அவசரப்படவில்லை. இந்த நிதானம் எனக்கு வீட்டில் வாய்ப்பதே இல்லை. கோட்டையும் தீவுமாக ஒரு நாளைக்கு நான்கு இடம் ஓடிய விடுமுறைகளில் எனக்கு நினைவிருப்பது கார் நிறுத்துமிடங்கள்தான்.

நண்பகலில் கடல் வற்றியது. “கடல் எங்கே போனது?” என்று மாமியார் உண்மையாகவே திகைத்துவிட்டார். நாகையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் வராது. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நான்கு மீட்டரைத் தொடும். காலையில் அலை அடித்த இடத்தில் ஈர மணல் வரி வரியாகக் கிடந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு விரிகுடாவின் கரையோரமாகத் தெற்கே மெல்ல நடந்தோம்.

அங்கே லாங் நானி என்ற ஓடை கடலில் கலக்கிறது. ஆர்க்டிக் ஆலாக்கள் மணலில் முட்டையிடும் இடம் அது. இங்கே கோடையைக் கழித்துவிட்டு அண்டார்டிகா வரை பறந்துபோய், அடுத்த ஆண்டு திரும்பி வருகிற பறவை. நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பின் காவலர்கள் அந்தப் பருவம் முழுக்க இரவும் பகலும் காவல் இருக்கிறார்கள். கயிற்றுக்கு இப்பால் நின்று தொலைநோக்கியில் பார்த்தோம். உள்ளங்கையில் அடங்கும் பறவைக்குஞ்சு ஒன்று மணல் நிறத்தில் மணலோடு மணலாகப் படுத்திருந்தது. மாமியார் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. முட்டைக்கு ஆள் போட்டுக் காவல் காக்கும் ஊர் அவருக்குப் பிடித்துவிட்டது, எனக்கும்தான்.

அன்று இரவு பத்து மணிக்கும் வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருந்தது.

கேள்வி: கேரவனுக்குள் மீன் சமைத்தால் வாடை போகுமா? மழை வந்தால் கரி அடுப்பை உள்ளே வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், லீட்ஸ்

பதில்: வாடை இரண்டு நாள் போர்வையில் தங்கும். அதனால் பந்தலுக்கு வெளியே, காற்று போகும் திசை பார்த்துச் சமையுங்கள். பக்கத்துக் கிராஸ்டரில் ஹெர்ரிங் மீனை ஓக் மரத்தூள் புகையில் பதப்படுத்தி விற்கிறார்கள். கிப்பர் என்பார்கள். நம் மத்திக்கு உறவுக்கார மீன். வாட்டி எடுத்து, முந்தைய இரவின் சோற்றில் மோர் ஊற்றி, சின்ன வெங்காயத்தோடு சாப்பிட்டோம். நெத்திலிக் கருவாட்டுக்கு அடுத்த இடத்தை அதற்குக் கொடுப்பேன்.

கரி அடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். கேரவனுக்குள்ளும் கூடாது, பந்தலுக்குள்ளும் கூடாது. அணைந்துவிட்டது என்று தோன்றும் கரியும் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது. மழை பெய்தால் ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் வாங்கி மாட்டுங்கள்.

கேள்வி: முழங்கால் வலி உள்ள என் அம்மாவை அழைத்துப் போகலாமா?
– ஒரு வாசகி, கோவென்ட்ரி

பதில்: தாராளமாக. ஆனால் எங்களுடையது போன்ற இழுவைக் கேரவன் அவருக்குச் சரிப்படாது. படி உயரம், கழிப்பறை ஒடுக்கம். ஒரே இடத்தில் நிலையாக நிற்கும் பெரிய கேரவன்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. பதிவு செய்யும்போதே எத்தனை படி, கைப்பிடி உண்டா என்று கேளுங்கள். கடலில் இறங்க ஆசைப்பட்டால் கணுக்கால் அளவோடு நிறுத்துங்கள், ஜூனில்கூட அந்தத் தண்ணீர் 12 டிகிரி அளவில்தான் இருக்கும். ஒரு கம்பளிச் சால்வையும், கை வைத்த நாற்காலியும் மறக்க வேண்டாம். என் மாமியார் அந்த நாற்காலியில்தான் பாதி நாள் இருந்தார்.