காய்ச்சல்கூட வரவில்லை, மாத்திரை எதற்கு?

கேள்வி: எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து ஓராண்டு ஆகிறது. சி.டி.4 எண்ணிக்கை 610. தேயிலை மூட்டை சுமக்கிறேன், காய்ச்சல்கூட வருவதில்லை. என்னோடு லாரியில் ஓடிய நண்பரோ நாலே வருடத்தில் இறந்துவிட்டார். எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கும்வரை மாத்திரை வேண்டாம்தானே?
— பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: தம்பி, சி.டி.4 என்பது எதிர்ப்புச் சக்தியை வழிநடத்தும் வெள்ளை அணு; 610 நல்ல எண்தான். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் இருந்தால் இயல்பு என்போம். ஆனால் அதைப் பார்த்து வைரஸ் தூங்குகிறது என்று நினைக்காதீர்கள். உங்கள் உடம்பு இரவும் பகலும் போராடிப் பிடித்து வைத்திருக்கிற எண் அது.

தொற்றிய சில வாரங்களில் வைரஸ் தாறுமாறாகப் பெருகும். பலருக்கு அப்போது ஃப்ளூ மாதிரி காய்ச்சல் வரும்; நம் மலைக்குளிரில் அதை யார் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்? பிறகு சி.டி.8 என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் கிளம்பி, வைரஸ் புகுந்த அணுக்களைத் தேடிக் கொல்லும். வைரஸ் குறைந்து ஒரு மட்டத்தில் நிற்கும். அந்த மட்டம் தாழ்ந்திருந்தால் நோய் மெதுவாக நகரும், உயர்ந்திருந்தால் வேகமாக. எச்.எல்.ஏ.-பி57, பி27 போன்ற மரபணு வகைகளோடு பிறந்தவர்களுக்கு அது பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும். மருந்தே இல்லாமல் வைரஸை அடக்கி வைப்பவர்களும் உண்டு, நூற்றில் ஒருவருக்கும் குறைவு. உங்கள் நண்பர் சீக்கிரம் போனது அவர் செய்த தவறால் அல்ல, தயவுசெய்து அப்படி யாரும் பேச விடாதீர்கள்.

கொடுமை என்னவென்றால், சண்டைக்குத் தூண்டப்பட்ட சி.டி.4 அணுதான் இந்த வைரஸுக்கு விளைநிலம். உடம்பு எதிர்க்க எதிர்க்க அதற்குத் தீனி கிடைக்கிறது. உடம்பு தனியாக வருடக்கணக்கில் தாங்காது.

1990-களின் கடைசியில் குன்னூரில் ஒரு தம்பதியைப் பார்த்துவந்தேன். கணவர் காசநோய் வந்து போய்விட்டார். கொடுக்க என்னிடம் மருந்து இல்லை. அரசின் இலவச ஏ.ஆர்.டி., அதாவது எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து, 2004 ஏப்ரலில்தான் வந்தது. மனைவி உங்களைப் போலவே "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே கொழுந்து பறித்தார். 2006-ல் அவர் எண்ணிக்கை 180. அன்றைய விதிப்படி 200-க்குக் கீழே இறங்கும்வரை நாங்கள் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு எனக்கு இன்னும் வலிக்கிறது. மாத்திரை அவரைக் காப்பாற்றியது. போன மாதம் பேரனைக் கூட்டிவந்தார்.

இன்று காத்திருக்க வேண்டியதில்லை. 2017 முதல் எண்ணிக்கை எதுவானாலும் உடனே மருந்து என்பதுதான் நம் நாட்டு நடைமுறை. தொடங்கினால் நிறுத்தக் கூடாது என்பது உண்மை: சில அணுக்களுக்குள் வைரஸ் ஒளிந்திருக்கும், மருந்தை விட்டால் சில வாரங்களில் திரும்பிவிடும். ஆனால் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவில் மனைவிக்குத் தொற்றாது.

சி.டி.4 சீட்டு கொடுத்த அதே மையத்துக்கு இந்த வாரமே போங்கள். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயமிருந்தால் ஆலோசகரிடம் சொல்லுங்கள். 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் விவரத்தை அவர்கள் ரகசியமாக வைத்திருக்க வேண்டும். அப்புறம், இருமல் இல்லாவிட்டாலும் காசநோய் பற்றிக் கேட்டுப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.